அக்கா மகனை அமெரிக்காவுல சின்னக் காலேஜ் ஃபுட்பால் கோச் கூப்பிடுதாரு, ஸ்காலர்ஷிப் கிடையாதாம். அனுப்பலாமா?

குழித்துறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்க அக்கா குடும்பம் ஒஹாயோவுல இருக்கு. மூத்த பயலுக்கு இப்பம் பதினோராம் வகுப்பு. ஆறடி ரெண்டு அங்குலம், 118 கிலோ. எங்க அப்பா வழியில ஆம்பிளைங்க எல்லாருமே வாட்டசாட்டம், அது மொத்தமா இவனுக்கு இறங்கிட்டு. ஸ்கூல் டீம்ல அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுதான். நம்ம தூத்தூர், கொளச்சல் பக்கம் ஆடுத ஃபுட்பால் இல்ல, அந்த முட்டைப் பந்து ஆட்டம். இவன் நிக்கது முன்வரிசையில, டேக்கிள்னு சொல்லுதான். அவன் அனுப்பின வீடியோ எல்லாம் பாத்தாச்சு, ஒண்ணுலயாவது பந்து அவன் கையில வரணுமே. எதுத்தாப்புல நிக்கவனப் பிடிச்சுத் தள்ளுதான், அவ்வளவுதான்.

பெரிய யூனிவர்சிட்டி யாரும் இவனத் திரும்பிப் பாக்கல. ஆனா சின்னக் காலேஜ் கோச்சுமாரு மூணு பேரு மாத்தி மாத்திக் கூப்பிடுதாவ. ஒருத்தரு வீட்டுக்கே வந்து அக்கா சுட்ட தோசையத் தின்னுட்டுப் போனாரு. விளையாட்டுக்குன்னு ஒரு டாலர் கூட குடுக்க மாட்டாங்களாம், அது விதியாம். காலேஜ் ‘வேற வழியில உதவும்’னு சொல்லியிருக்காரு. வெப்சைட்ல வருசத்துக்கு 50,000 டாலருக்கு மேல போட்டிருக்கு. அத்தான் பயங்கரக் கோவத்துல இருக்காரு. “பந்தயும் தொட மாட்டான், பணமும் தர மாட்டாங்க, இது என்ன எழவு ஆட்டம்? ஒழுங்கா இஞ்சினியரிங் படிக்கச் சொல்லு”ன்னு ஒரே சத்தம். அக்கா எனக்குப் போன் போட்டு அழுதா. காலேஜ்ல நான் கொஞ்சம் வெயிட் தூக்கினவன்னு எங்கிட்ட யோசன கேக்குதாவ. மார்த்தாண்டத்துல பெயிண்ட் கடை நடத்துதவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

இது ஆள் பிடிக்கிற ஏமாத்து வேலையா? சின்னக் காலேஜ்ல போய் இந்த முன்வரிசைக்காரன் எவனாவது மேல வந்திருக்கானா? இன்னொண்ணு, லீவுக்கு ஜூன்ல இங்க வாறான். எட கொறயக் கூடாது, பலம் கூடணும்னு கோச் சொல்லி விட்டிருக்காரு. எங்க அம்மா இப்பமே கோழி வளத்துட்டு இருக்கா. என்ன செய்ய வைக்கணும்?

சிங்கப்பூர் சுங்கான்கடை:

17 வயசுல 118 கிலோ. இது விளையாட்டு இல்ல பாஸ், வியாதி. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல போடச் சொல்லுங்க.

பார்வதிபுரம் கேமரா:

சிங்கப்பூர்காரரே, அந்த ஆட்டத்துல அது ஒல்லிக்குச்சி. பெரிய டீம்ல அதே இடத்துல நிக்கவன் 135, 140 கிலோ இருப்பான்.

தம்பி, நான் விஸ்கான்சின்ல ஒரு சின்னக் காலேஜ்ல கம்ப்யூட்டர் பிரிவுல வேல பாத்தவன். இப்பம் நாகர்கோவில் வந்து செட்டில் ஆயாச்சு. அங்க ஃபுட்பால் டீமுக்கு வீடியோ எடுக்க ஆள் இல்லேன்னு என்னயப் பிடிச்சு இரும்புக் கோபுரத்துல ஏத்தி விட்டாவ. பனி கொட்டும், விரல் மரத்துப் போவும், ஆனா விட மனசு வராது. லைன் கோச்சுக்கு, அதாவது முன்வரிசைக்காரங்களப் பழக்குதவருக்கு, மைதானத்துக்குப் பக்கவாட்டுல எடுத்த வீடியோ பிடிக்கவே பிடிக்காது. கோலுக்குப் பின்னால இருந்து எடுத்ததுதான் வேணும். அதுலதான் அஞ்சு பேருக்க இடுப்பும் ஒரே உயரத்துல இருக்கா, எவன் முதல் அடிய அகல வச்சுட்டான், எவனுக்க கை எதிராளிக்க நெஞ்சுக்கு உள்ள போகாம தோளுக்கு வெளிய போச்சு, எல்லாம் தெரியும். கை வெளிய போனா பிடிச்சு இழுத்தான்னு நடுவர் மஞ்சத் துணிய வீசுவாரு. உங்க மருமவனுக்க நம்பர மைக்குல சொல்லுதது அப்பம் மட்டும்தான். நல்லா ஆடினா ஒருத்தனும் சொல்ல மாட்டான். உங்க அத்தானுக்கு இந்த ஆட்டம் பிடிபடாததுல ஆச்சரியம் இல்ல.

ஏமாத்து வேலையான்னு கேட்டிய. இல்ல. ஆனா அந்தக் கோச் தோசைக்காக மட்டும் வரல. அங்க காலேஜ் விளையாட்டு மூணு அடுக்கு. டிவியில வாறது முதல் அடுக்கு. ரெண்டாம் அடுக்குல ஒரு டீமுக்கு 36 முழு ஸ்காலர்ஷிப் அளவுக்குத்தான் பணம் உண்டு, அத நூறு பேருக்குப் பிச்சுப் பிச்சுக் குடுப்பாங்க. மூணாம் அடுக்குல விளையாட்டுக்குன்னு குடுக்கவே கூடாது. அந்த அடுக்குல மட்டும் ஃபுட்பால் டீம் வச்சிருக்க காலேஜ் 200-க்கு மேல. அதுல நெறைய காலேஜ் பிள்ளைங்க கட்டுத ஃபீஸ வச்சுத்தான் ஓடுது, ஆம்பிளப் பிள்ளைங்க சேருதது வேற கொறஞ்சு போச்சு. ஒரு ஃபுட்பால் டீம் இருந்தா ஃபீஸ் கட்டுத நூறு பயலுவ கூட வருவானுவ. அதனால சில எடத்துல கோச்சுக்கு வருசத்துக்கு இத்தன பேரச் சேக்கணும்னு கணக்கே உண்டு. நம்ம பக்கம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சுயநிதிக் காலேஜ்காரங்க வீடு வீடா வருதாங்க இல்லியா, அந்த வேலையில கொஞ்சம் இதுலயும் இருக்கு.

அதுக்காக வேண்டாம்னு சொல்ல மாட்டேன். வெப்சைட்ல போட்டிருக்க 50,000-த்த முழுசாக் கட்டுதவன் கொஞ்சம் பேருதான். மார்க்குக்கு ஒரு கழிவு, குடும்ப வருமானத்துக்கு ஒரு கழிவு. உங்க குடும்பத்துக்கு நிஜமா எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுக் காட்டுத பக்கம் ஒவ்வொரு காலேஜ் வெப்சைட்டுலயும் இருக்கணும்னு 2011-ல இருந்து சட்டமே இருக்கு. அத்தானை அதுல உக்காத்துங்க. பின்ன ஒரு விசயம் அவருக்கு அடிச்சுச் சொல்லுங்க: மூணாம் அடுக்குல குடுக்குத பணம் ஆட்டத்தோட கட்டப்பட்டது இல்ல. நாளைக்கு முட்டி போச்சு, இல்ல பய ‘எனக்கு வேண்டாம்’னு டீம விட்டுட்டான்னு வைங்க, அந்தக் காரணத்துக்காக அந்தக் கழிவப் பிடுங்க முடியாது.

இப்பம் உங்க ரெண்டாவது கேள்வி. மத்த இடத்துக்கு ஆடுதவன விட, முன்வரிசைக்காரனுக்குத்தான் சின்னக் காலேஜ் பொருந்தும்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். பந்தத் தூக்கிட்டு ஓடுதவனுக்க வேகம் 16 வயசுலயே தெரிஞ்சு போகும். முன்வரிசைக்காரன் 20, 21 வயசுலதான் உருவாகுதான். எலும்பு மூத்து, இடுப்பு இறுகி, சாப்பிட்டது உடம்புல ஒட்டுததுக்கு அவ்வளவு காலம் ஆவும். ஆனா பெரிய யூனிவர்சிட்டிக்காரன் பத்தாம், பதினோராம் வகுப்புலயே ஆளெடுக்கணும். வேற வழியில்லாம ஆறடி அஞ்சு அங்குலம், நீளமான கைன்னு அளவெடுத்துட்டுப் போவான். ஆறடி ரெண்டு கண்ணுல படாது. அந்த மிச்சத்துலதான் சின்னக் காலேஜ் கோச் பொறுக்குவாரு. அவருக்குப் பாக்கத் தெரியும். எங்க ஆளு பயலுக்க ஃபுட்பால் வீடியோவ ஓரமா வச்சுட்டு, அவன் மல்யுத்தம் ஆடினானா, குண்டு எறிஞ்சானான்னு கேப்பாரு. கூடைப்பந்து ஆடுத பயன்னா கண்ணு மின்னும், கால் லேசா நகரும்லா. வீட்டுக்குப் போனா அப்பா அம்மா உயரத்த நோட்டம் விடுவாரு, வாசல்ல கெடக்க ஷூ சைஸப் பாப்பாரு. உங்க வீட்டுக்கு வந்தவரும் பாத்திருப்பாரு, அக்காகிட்டக் கேளுங்க.

மேல வந்த ஆளா? அலி மார்பெட்னு ஒருத்தர். நியூயார்க் மாநிலத்துல ஹோபார்ட்னு ஒரு சின்ன மூணாம் அடுக்குக் காலேஜ். என்.எஃப்.எல்.னு சம்பளத்துக்கு ஆடுத பெரிய லீக் உண்டு, அதுல வருசா வருசம் டீமுகள் சுற்றுச் சுற்றா காலேஜ் பயலுவள எடுக்கும். 2015-ல தம்பா பே டீம் இவர ரெண்டாவது சுற்றுல 61-ஆவது ஆளா எடுத்துது. மூணாம் அடுக்குல இருந்து அவ்வளவு முன்னால அதுவரைக்கும் எவனும் போனது இல்ல. 2021 பிப்ரவரியில சூப்பர் பவுல்னு அந்த லீக்குக்க இறுதி ஆட்டத்த ஜெயிச்ச டீம்ல அவரு இருந்தாரு. காலேஜ்ல வரிசையோட ஓரத்துல டேக்கிளா நின்னவரு, அங்க உள்ள தள்ளி கார்டா, சென்டரா ஆடினாரு. உங்க மருமவனுக்கும் அந்த மாத்தம் வரும்னு நெனைக்கேன். ஆறடி ரெண்டுக்கு உள்வரிசைதான் தோது. வந்தா ‘எறக்கிட்டாங்க’ன்னு சடச்சுக்க வேண்டாம்.

விஸ்கான்சின் வைட்வாட்டர்ல படிச்ச க்வின் மைனர்ஸ் கதை எங்க பக்கத்துக் கதை. 2020-ல கொரோனாவால ஆட்டமே நடக்கல. அவரு கனடாவுல குடும்பத்துக்கு இருந்த மீன்பிடிக் குடிலுக்குப் போய், காட்டுல மரத்த எதிராளியா நெனச்சு முட்டிப் பழகினாரு. அடுத்த வருசம் டென்வர் மூணாவது சுற்றுல எடுத்துது, 2024-ல அந்த லீக்லயே சிறந்த கார்டுகள்ல ஒருத்தர்னு முதல் அணியில வச்சாங்க. மினசோட்டா செயின்ட் ஜான்ஸ் காலேஜ் பென் பார்ட்ச் வேற மாதிரி. டைட் எண்டுன்னு பந்து பிடிக்கவும் செய்யுத இடத்துல ஆடிட்டு இருந்தவர டேக்கிளா மாத்தினாங்க. எட ஏத்தணும்லா? ஏழு முட்டைப் பொரியல், பாலாடைக்கட்டி, சோளக்கஞ்சி, வேர்க்கடலை வெண்ணெய், வாழைப்பழம், கேட்டரேட் எல்லாத்தையும் ஒண்ணா மிக்ஸியில அடிச்சு தினம் குடிச்சாரு. 2020-ல நாலாவது சுற்றுல ஜாக்சன்வில் எடுத்துது.

இதெல்லாம் அபூர்வம், கேட்டியளா. நான் வீடியோ எடுத்த பயலுவள்ல ஒருத்தனும் அந்த லீக்குக்குப் போகல. கணக்கு வாத்தியாரா, இன்ஷூரன்ஸ்காரனா, பண்ணைக்காரனா ஆனானுவ. ஆனா ஒல்லியா வந்து முதல் வருசம் பயிற்சிக்கு வச்சிருக்க கனத்த தள்ளு வண்டியத் தள்ளியே வாந்தி எடுத்த பய நாலாவது வருசம் ரெண்டு பேரத் தூக்கிட்டுப் போனத எனக்க கேமராவுல பாத்திருக்கேன்.

அதனால கோச்சுகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லுங்க. “நாலு வருசம் முன்னால நீங்க சேத்த முன்வரிசைக்காரங்க எத்தன பேரு? அதுல இப்பம் எத்தன பேரு டீம்ல இருக்காங்க? மத்தவங்க காலேஜ்லயாவது இருக்காங்களா?” மைதானம், ஜிம், ஜெர்சி எல்லாம் காட்டுவாங்க, அது எல்லாக் காலேஜ்லயும் இருக்கு. ஆளச் சேக்கத் தெரிஞ்சவன் வேற, ஆள உருவாக்கத் தெரிஞ்சவன் வேற. இந்த நம்பர்ல அது தெரிஞ்சு போகும்.

லீவு விசயம். ஜூன்ல காலேஜுகள் ஒருநாள் கேம்ப் நடத்தும், லைன் கோச் நேரடியாப் பாக்குத நேரம் அது. அத முடிச்சுட்டு வரச் சொல்லுங்க. ஆகஸ்ட் ஆரம்பத்துல ஸ்கூல் பயிற்சி தொடங்கிரும், அதுக்குள்ள திரும்பணும். இங்க வந்தா பைசெப்ஸ் ஜிம் வேண்டாம். நல்ல ஸ்குவாட் ரேக் இருக்க இடமாப் பாருங்க, வெயிட் தூக்கின உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். காலையில சொத்தவிளை மணல்ல அஞ்சடி, பத்தடி வெடிச்சுக் கெளம்பிப் பழகட்டும், மைல் கணக்கா ஓட வேண்டாம். ஒரு நாள் கொளச்சல் கடப்புறத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. வள்ளத்தக் கடல்ல எறக்குதவங்க முதுக நிமிராம, இடுப்பத் தாத்தி, ஒரே சத்தத்துக்கு எல்லாக் காலும் ஒண்ணா மணல்ல ஊணுது பாருங்க, முன்வரிசை ஆட்டம் அதேதான். பாக்கட்டும், முடிஞ்சா கூடப் பிடிச்சுத் தள்ளட்டும். கடல்ல மட்டும் எறக்கிராதீங்க, ஆடி மாசக் கடல்.

சாப்பாடு உங்க அம்மா பாத்துப்பாவ. புட்டு, பயறு, ஏத்தன் பழம், முட்டை, சாளைக் கறியும் மரச்சீனியும். வறுத்ததக் கொறைங்க. மத்தியானப் புழுக்கத்துல பயிற்சி கூடவே கூடாது. கோரி ஸ்ட்ரிங்கர்னு மினசோட்டா டீம்ல ஒரு முன்வரிசைக்காரர், வெயில்ல பயிற்சி செஞ்சு சூடு தாக்கி, 2001 ஆகஸ்ட் 1-ஆம் தேதி செத்துப்போனாரு. 27 வயசு. கனத்த உடம்புல சூடு சீக்கிரம் எறங்காது.

டெக்சாஸ் நர்ஸ்:

நான் கருங்கல்காரி, இங்க ஆஸ்பத்திரியில நர்ஸ். தம்பி, கேமரா அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி, ஆனா உடம்பப் பத்தி அவரு லேசாத் தொட்டுட்டுப் போயிட்டாரு. உங்க குடும்பத்துல சுகர் இருக்கா? நம்ம ஊர்ல இல்லாத வீடு எது? 118-ஐ 130 ஆக்கும்போது பிரஷரும் சுகரும் வருசா வருசம் பாக்கணும். குறட்டை விட்டா, பகல்ல தூங்கி வழிஞ்சா, தூக்கத்துல மூச்சுத் தடை இருக்கான்னு டெஸ்ட் எடுக்கணும். முன்வரிசைக்காரங்களுக்கு அது அதிகம்.

தலை விசயமும் இருக்கு. ஓடுதவன் எப்பமாவது ஒரு பெரிய அடி வாங்குவான். முன்வரிசையில நிக்கவனுக்கு ஒவ்வொரு ஆட்டத்துலயும் சின்னச் சின்ன முட்டல். ஒண்ணு ஒண்ணாப் பாத்தா ஒண்ணுமில்ல, வருசக்கணக்குல சேரும்போதுதான் டாக்டர்மாரு கவலைப்படுதாங்க. பயிற்சியில வாரத்துக்கு எத்தன நாள் முழு மோதல்னு கேளுங்க. இன்ஷூரன்ஸ் யாருக்கதுன்னும் கேளுங்க. சில காலேஜ்ல முதல்ல உங்க குடும்ப இன்ஷூரன்ஸ்தான் கட்டணும், அது போக மிச்சத்துக்குத்தான் காலேஜ் வரும். அக்காவுக்கு இது தெரியாம இருக்கும்.

அந்த மார்பெட் 28 வயசுல தானே போதும்னு ஒதுங்கி, உடம்பக் கொறச்சு ஆளே மாறிட்டாரு. பயலுக்கு அந்தப் படத்தக் காட்டுங்க. ஏத்துதது மாதிரி எறக்கவும் ஒரு திட்டம் வேணும்.

ஓய்வுபெற்ற பி.டி. சார்:

நான் இம்மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். அமெரிக்க ஆட்டம் எனக்குத் தெரியாது. சிறிய கல்லூரியில் ஆள் எடுப்பது தெரியும். பெரிய கல்லூரிகள் மாநில அணியில் ஆடிய பையன்களை வேலை வாய்ப்பு, விடுதி என்று காட்டி அள்ளிக்கொண்டு போய்விடும். கபடியில் எங்களுக்கு ஏறிப் பாடிப் புள்ளி எடுக்கும் ரெய்டர் கிடைக்கமாட்டான். ஓரத்தில் நின்று ரெய்டரைப் பிடிக்கும் கார்னர் பையனைத்தான் நாங்களே செய்தாக வேண்டும். ஊர்க் கபடிக்குப் போனால் நான் புள்ளி எடுப்பவனைப் பார்ப்பதில்லை. கணுக்காலைப் பிடித்தவன் ரெய்டர் இழுக்கும்போது விடுகிறானா, மண்ணில் முகம் தேய்ந்தாலும் பிடித்தபடி கிடக்கிறானா என்று பார்ப்பேன். அப்படி ஒருவன் கிடைத்தால் இரண்டு வருடத்தில் பல்கலைக்கழக அணிக்குத் தயார் செய்துவிடலாம்.

உங்கள் மருமகன் இங்கே பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று யோசித்துப் பார்த்தேன். கபடியில் ஆண்களுக்கு 85 கிலோ வரம்பு, உள்ளேயே விடமாட்டார்கள். குண்டு எறியலாம். பொங்கலுக்கு கிளப்காரர்கள் நடத்தும் வடமிழுத்தலில் கடைசி ஆளாக நிற்கலாம். அதற்கு மேல் இடமில்லை. அங்கே அவன் உடம்புக்கென்றே அஞ்சு இடம் ஒதுக்கிய ஆட்டம் இருக்கும்போது, ஆடவிடுங்கள் என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. சிறிய கல்லூரியில் உதவிப் பயிற்சியாளர் சம்பளம் போதாமல் ஓடிவிடுவார். இங்கும் அப்படித்தான். இப்போது பேசுகிறவர் பையன் மூன்றாம் வருடம் வரும்போது இருப்பாரா? அந்த லைன் கோச் முழுநேர ஊழியரா, படித்துக்கொண்டே வேலை பார்க்கிறவரா? கேளுங்கள்.

குழித்துறைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பயலே போன் போட்டு அந்த நம்பரக் கேட்டான். தோசை தின்ன கோச், “நாங்க எல்லாரும் ஒரே குடும்பம், நம்பர்ல என்ன இருக்கு”ன்னு நழுவிட்டாராம். ரெண்டாவது ஆளு உடனே சொன்னாரு: 14 பேரு வந்தான், இப்பம் 5 பேரு டீம்ல, இன்னும் 6 பேரு ஆட்டத்த விட்டுட்டு அங்கயே படிக்கான், மூணு பேரு வேற காலேஜ் போயிட்டான். ரெண்டு பெத்தவங்களுக்க நம்பரும் குடுத்தாரு. லைன் கோச் முழுநேரம்தானாம், ரொம்ப வருசமா அங்கயே இருக்காராம். மூணாவது ஆளு இன்னும் பதில் போடல.

அத்தான் அந்தக் கணக்குப் பக்கத்துல உக்காந்தாரு. மாநில யூனிவர்சிட்டிக்கு ஆகுத செலவுக்குப் பக்கத்துலதான் வருதாம். இப்பம் சத்தம் கொறஞ்சிருக்கு, சம்மதிக்கல. “இஞ்சினியரிங் அங்க உண்டா”ன்னு கேக்குதாரு. அது இல்லயாம், பிசிக்ஸ் இருக்காம். அக்கா, வீட்டுல சுகர் உண்டு, அப்பாவுக்கும் அத்தானுக்கும். டெஸ்ட் எடுக்கச் சொல்லியாச்சு.

பார்வதிபுரம் கேமரா:

14-ல 11 பேரு காலேஜ்லயே இருக்கான்னா நல்ல எடம் தம்பி. அஞ்சு பேருதான் டீம்ல மிச்சம்னு பயப்படாதீங்க, முன்வரிசையில நாலு வருசம் தாக்குப்பிடிக்குதவன் அவ்வளவுதான் இருப்பான். இஞ்சினியரிங் விசயத்துக்கு, சில சின்னக் காலேஜ்ல மூணு வருசம் அங்க பிசிக்ஸ், ரெண்டு வருசம் பெரிய யூனிவர்சிட்டியில இஞ்சினியரிங்னு சேத்துப் படிக்க ஏற்பாடு உண்டு. அந்தக் காலேஜ்ல இருக்கான்னு கேளுங்க. ஆனா அப்பம் நாலாவது வருச ஆட்டம் போயிரும், பயகிட்ட முன்னாலயே சொல்லிருங்க. முன்வரிசைக்காரனுக்கு அந்த வருசம்தான் வருசம்.

சீசன் தொடங்கினதும் அக்காவும் அத்தானும் ஒரு சாதாரண வாரநாள் பயிற்சியப் போய்ப் பாக்கட்டும், மேட்ச் அன்னைக்கு வேண்டாம். முதல் அஞ்சு பேர விட்டுட்டு, கடைசியில நிக்க முதல் வருசப் பயலுவள யாராவது திருத்துதாவளான்னு பாக்கணும். முதல் ரெண்டு வருசம் உங்க மருமவன் அங்கதான் நிப்பான்.

பின்ன, வரும்போது ரெண்டு ஜோடி ஷூ கொண்டு வரச் சொல்லுங்க. அவன் காலுக்கு நாகர்கோவில்ல எந்தக் கடையிலயும் கிடைக்காது, மழையில ஒண்ணு நனஞ்சா காய நாலு நாள் ஆவும்.